பாஸான தண்ணீர்

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். பல வருடமாக மனிதர்களின் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறேன். அதனாலேயே மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

நீங்களே சொல்லுங்கள். சர்க்கரை பார்க்க வருகிற ஒருவர், மூன்று நாளாக இனிப்பைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், வாழ்நாளில் நடக்காதவர் காலையும் மாலையும் வேர்க்க விறுவிறுக்க நடந்து, கடைசியில் என்னிடம் கையை நீட்டிக்கொண்டு "எப்படிம்மா, பாஸாயிடுவேனா?" என்று கேட்கிறார். இன்னொருவர் சிறுநீர் பாட்டிலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து வருகிறார். ரொம்ப மஞ்சளாக இருந்ததாம், கொடுக்கக் கூச்சமாக இருந்ததாம். ஒரு அம்மாள் தன் மகளுடையதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். சின்ன வயசுக்காரி, நன்றாக இருக்கும் என்று கணக்கு. ரிப்போர்ட் நன்றாக வந்தால் வியாதி வெட்கப்பட்டு ஓடிப்போகும் என்று இவர்கள் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. "இது பரீட்சை இல்லைங்க, உங்க உடம்பு" என்று தினமும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, "சரிம்மா, பாஸா ஃபெயிலா?" என்கிறார்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே கூட்டம்தான் குடியிருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. நாங்கள் இரண்டாம் மாடி. என் தம்பி, அவன் பெண்டாட்டி, அவர்கள் மகள் மூவரும் எங்களுக்கு நேர் மேலே மூன்றாம் மாடி. மகளை நாங்கள் சுண்டெலி என்போம். நாலு வயசு. பெயருக்கு ஏற்றபடி எதையாவது கொறித்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, இந்த வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கும். முகம் வெளுத்துவிட்டது. சொன்னதையே மறந்துபோய்த் திரும்பக் கேட்கும். பூச்சியாக இருக்கும், கண் பட்டிருக்கும், பல் முளைக்கிறது என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். குழந்தை மருத்துவர் மட்டும் ஒரு சீட்டில் "ஈயம்" என்று எழுதி, ரத்தம் எடுக்கச் சொன்னார்.

நான்தான் எடுத்தேன். பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இருக்கவே கூடாத பொருள், பிள்ளையின் ரத்தத்தில் தாராளமாக இருந்தது.

மருத்துவர் உட்காரவைத்துச் சொன்னார். ஈயம் எங்கிருந்தோ தினமும் உள்ளே போகிறது, அந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், மருந்தெல்லாம் அப்புறம். பிள்ளையின் மூளை வளர்கிற காலம் இது, நாள் தள்ளத் தள்ளப் போனது போனதுதான் என்றார். பெயின்ட், பொம்மை, பாத்திரம், குழாய் என்று விரல் விட்டு எண்ணினார். குழாய் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கட்டடத்தின் வயசு எனக்குத் தெரியும். தெருவிலிருந்து சமையலறைக்கு ஏறுகிற குழாய் கட்டடத்தோடு பிறந்தது. சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் பளபளவென்று கோடு விழும். ஈயக் குழாய் இல்லாமல் வேறென்ன?

மற்ற வீடுகளில் எல்லாம் ஃபில்டர் இருக்கிறது. தம்பி வீட்டில் மட்டும் இல்லை. "ஃபில்டர் எல்லாம் ஏமாத்து வேலைக்கா. நல்லா கொதிக்க வெச்சாப் போதும்" என்பான். நான் வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். மானஸ்தனாம். அவன் பெண்டாட்டி பிள்ளைக்கென்று தண்ணீரைத் தளதளவென்று பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைப்பாள். கொதித்தால் ஆவியாவது தண்ணீர்தான், ஈயம் அங்கேயேதான் கிடக்கும் என்று நான் சொன்னபோது, இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சண்டை போட்டு, அன்றிலிருந்து தினமும் என் வீட்டு ஃபில்டர் தண்ணீரை ஒரு கேனில் கொடுத்தேன். தம்பி பெண்டாட்டி காலையில் வந்து எடுத்துப் போவாள். கேனை ஒரு துணிப்பைக்குள் போட்டு, மேலே துண்டால் மூடி, படியில் யாராவது வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறுவாள். ஏதோ நகையைத் திருடிக்கொண்டு போகிற மாதிரி. "எதுக்கும்மா இந்த வேஷம்?" என்றால், "கேப்பாங்க அண்ணி, என்ன விஷயம்னு" என்பாள். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே!

கேன் தண்ணீர் குடிக்கத்தான் ஆயிற்று. சமையல், கஞ்சி, பால் கரைப்பது எல்லாம் குழாயில்தான் என்று எனக்குத் தெரியும். குழாயையே மாற்றினால்தான் விடிவு. நகராட்சிக்கு எழுதிப் போட்டேன். விதி இருக்கிறது: ஒரு கட்டடத்தில் எல்லா வீட்டுத் தண்ணீரையும் சோதிப்பார்கள், பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஈயம் அளவைத் தாண்டியிருந்தால் அவர்கள் செலவிலேயே குழாயை மாற்ற வேண்டும். நாலு தடவை போய் அந்த அலுவலகத்து நாற்காலியைத் தேய்த்தபிறகு ஒரு ஆளை அனுப்பினார்கள்.

பாட்டில்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டோம். பெட்டி நிறைய வாயகன்ற பாட்டில்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, மனப்பாடப் பகுதி மாதிரி ஒரே பாட்டை ஒப்பித்தார்.

"ராத்திரி படுத்ததுக்கு அப்புறம் சமையல்கட்டுக் குழாயைத் திறக்கக் கூடாது. காலையில எழுந்ததும் மொதல்ல வர்ற தண்ணியை அப்படியே புடிங்க. ஓட விடக் கூடாது. கழுவக் கூடாது. கழுத்து வரைக்கும் ரொப்பி மூடி வெச்சிருங்க, நான் வந்து எடுத்துக்கறேன்."

ராத்திரி முழுக்கக் குழாயிலேயே நின்ற தண்ணீரில்தான் ஈயம் ஊறி இறங்கியிருக்கும். அதனால்தான் முதல் தண்ணீர். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

பாட்டில்காரர் தெருமுனை தாண்டவில்லை, எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி எல்லாரையும் கீழே கூப்பிட்டுவிட்டார். இந்த மனிதர் ஓய்வுபெற்றது வங்கியிலிருந்து, ஆனால் பேச்சிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், அது அவருக்கு மாநாடு.

"நம்ம பில்டிங்கோட கௌரவம் இந்தப் பாட்டில்ல இருக்கு" என்று ஒரு காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "பக்கத்துக் கட்டடத்துக்காரன் பார்த்துக்கிட்டு இருக்கான். யாரும் அலட்சியமா இருந்துடக் கூடாது. எல்லாரும் நல்ல தண்ணியா குடுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல தண்ணீர் என்ற சொல் அப்போதே என் காதில் இடறியிருக்க வேண்டும். பேச்சில் இது ஒரு ரகம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் முதல் வேலையாகப் பாட்டிலைப் பிடித்தேன். லேசாகப் பழுப்பு ஓடிய தண்ணீர், அடியில் பொடிப்பொடியாக ஏதோ. பார்க்கவே எனக்குத் திருப்தியாக இருந்தது. மாட்டினாயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மூடியைத் திருகி மேடைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ரிசல்ட் வந்தது. பன்னிரண்டு வீடும் சுத்தம். ஈயம் கண்டுபிடிக்க முடியாத அளவு. என் வீட்டுப் பாட்டிலும்கூட.

என் கண்ணால் பார்த்த பழுப்பு எங்கே போயிற்று? அதற்குள் செக்ரட்டரி வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது. 'நகரின் மிகத் தூய்மையான குடிநீர்' என்று பெரிய எழுத்து, ஓரத்தில் நீர்த்துளி, நீர்த்துளிக்குப் பக்கத்தில் செக்ரட்டரி. துளியைவிட அவர் பெரிதாக இருந்தார்.

அன்று சாயங்காலமே தம்பி வந்தான். கையில் என் கேன், காலி.

"இனிமே வேண்டாம்க்கா. தண்ணியில ஒண்ணும் இல்லன்னு கவர்மென்ட்டே சொல்லிருச்சு."

"டேய், அந்த ரிசல்ட்டுல ஏதோ கோளாறு இருக்குடா. கொஞ்ச நாள் பொறு."

"உனக்கு எப்பவும் எதுலயாவது கோளாறு இருக்கணும். பெயின்ட்தான்க்கா. நான் சுவரையெல்லாம் சுரண்டப் போறேன்."

மகராசன் சுரண்டவும் செய்தான். பழைய பெயின்ட் தூள் வீடெல்லாம் பறந்தது. பொம்மைகளை மூட்டை கட்டிக் குப்பையில் போட்டான். சுண்டெலி பொம்மை இல்லாத வீட்டில் உட்கார்ந்து, அம்மா அன்போடு சுண்டக் கொதிக்கவைத்த குழாய்த் தண்ணீரைக் குடித்தது. சோதனை நடக்காமல் இருந்திருந்தால் பிள்ளைக்கு என் கேனாவது மிஞ்சியிருக்கும் என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி பாராட்டுக் கூட்டம் வைத்தார். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். யாருக்குப் பாராட்டு? குழாய்க்கா, ஈயத்துக்கா? போகக் கூடாது என்றுதான் இருந்தேன். என் வீட்டுக்காரர் பிஸ்கட்டுக்கு ஆசைப்பட்டுக் கிளம்பியதால் நானும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் வாயைத் திறந்தது தரைத்தளத்து அக்கா. கட்டடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற பொத்தான்தான் கிடையாது.

"நான்லாம் சும்மா குடுக்கலைப்பா. ஃபில்டர்ல புடிச்சு, அதையும் துணியில வடிகட்டித்தான் குடுத்தேன். அவங்க நம்ம வீட்டுத் தண்ணியைக் குடிச்சுப் பார்ப்பாங்களோ என்னவோ!"

"ஃபில்டரா? நான் கடையில சீல் வெச்ச பாட்டில் வாங்கி ஊத்தினேன்" என்றார் நாலாம் மாடி டெய்லர். இதில் ரேடியோவை ஜெயித்துவிட்ட சந்தோஷம் வேறு.

"காலையில மொதத் தண்ணி எப்பவும் கலங்கலா வரும். அதைப் போய் ஆபீசருக்குக் குடுக்கிறதா? அரை மணி நேரம் ஓட விட்டுட்டுத்தான் நான் புடிச்சேன்" என்றார் நகைக்கடைக்காரர்.

ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். யாரும் ஒளிக்கவில்லை, யாரும் கூசவில்லை. போட்டி போட்டுக்கொண்டு பெருமையடித்தார்கள். செக்ரட்டரி கடைசியில் எழுந்து, தான் ஃபில்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து மறுபடி ஃபில்டரில் ஊற்றிப் பிடித்ததாக அறிவித்தார். கை தட்டினார்கள். அட கஷ்டகாலமே! விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கட்டடத்து ஃபில்டர்கள் நன்றாக வேலை செய்கின்றன என்று நகராட்சி இலவசமாகச் சோதித்துக் கொடுத்திருக்கிறது.

"அப்போ என் பாட்டில்?" என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். நல்ல மனுஷன். அவரைப் பற்றி எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், வேறு சொல்ல ஒன்றும் இல்லாததால்.

"அது அழுக்கா இருந்துச்சும்மா. நீ அவசரத்துல பார்க்காம புடிச்சிட்டேன்னு நெனச்சேன். கொட்டிட்டு, பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவி, ஃபில்டர்ல புடிச்சு வெச்சேன். உனக்கு ஒரு ஹெல்ப்பா இருக்கட்டுமேன்னு."

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவரும் பாதிதான் கேட்டார், மீதிப் பாதி பிஸ்கட்டோடு டீக்குள் விழுந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வீட்டில் ஃபில்டர் இருக்கிறது. தம்பி வீட்டில் இல்லை. அவன் வீட்டுப் பாட்டில் எப்படிச் சுத்தமாக வந்தது? திரும்பிப் பார்த்தேன். தம்பி பெண்டாட்டி சுண்டெலியை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். கேள்விக்குப் பதிலை ரேடியோ ஒலிபரப்பியது.

"பாவம், அந்தப் பொண்ணுகூட அன்னிக்கு எங்கிட்ட வந்து ஒரு சொம்பு ஃபில்டர் தண்ணி வாங்கிட்டுப் போச்சு. பொறுப்பான பொண்ணு."

நான் எழுந்து மேலே போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். அவள் சமையலறையில் அடுப்பின் மேல் பாத்திரம் இருந்தது, பிள்ளைக்கான தண்ணீர், ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்து.

"முனிசிபாலிட்டிக்கு ஃபில்டர் தண்ணி. உன் பிள்ளைக்குக் குழாய்த் தண்ணி. அப்படித்தானே?"

அவள் எட்டி அந்தப் பாத்திரத்தை மூடினாள்.

"கேக்கிறேன்ல? ஒரு சொம்பு கடன் வாங்கத் தெரிஞ்சுதுல்ல? அதைப் பிள்ளை வாயில ஊத்தத் தெரியலையா உனக்கு? நீயெல்லாம் ஒரு அம்மா!"

சொன்னதும் எனக்கே சுட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு கோபம்.

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காலையில புடிச்சேன் அண்ணி. சொன்ன மாதிரியேதான் புடிச்சேன். கலங்கலா, துரு நிறத்துல இருந்துச்சு. அந்த ஆள் வந்து பாத்துட்டு, இந்தத் தண்ணியையா பிள்ளைக்குக் குடுத்துக்கிட்டு இருந்தேன்னு கேப்பாருன்னு தோணுச்சு. எழுதி வெச்சிருவாங்க. அம்மாவே ஊத்திக் குடுத்தான்னு எழுதி வெச்சிருவாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. ரிசல்ட் நல்லா வந்ததும் நெஜமாவே தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு நம்பிட்டேன். நானே மாத்திக் குடுத்ததை நானே நம்பிட்டேன் அண்ணி."

என் நிலையத்தில் கையை நீட்டுகிற அத்தனை பேரும் அந்த ஒரு முகத்தில் தெரிந்தார்கள். அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அந்தப் பாத்திரத்துத் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தேன். பிறகு கீழே போய்க் கேனை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தேன். தம்பி இடம்விட்டு நின்றான்.

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மறுபடி சோதிக்க வேண்டும் என்றேன். அங்கே இருந்த அதிகாரி ரிசல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தானே வந்திருக்கு? ஃபெயிலானவன்தான் வந்து சண்டை போடுவான். பாஸாயிட்டுச் சண்டை போடுற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்."

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். பாட்டில்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவரும் சிரித்தார். ஊருக்கு ஊர் இதே கதைதானாம், தெரியுமாம். தெரிந்துகொண்டேதான் பெட்டி பெட்டியாகப் பாட்டில் சுமந்து, ஃபில்டர் தண்ணீரை வாங்கிப் போய்ச் சோதித்து, சுத்தம் என்று முத்திரை குத்திச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கட்டடத்துக்காரர்கள் முட்டாள்கள். இவர்கள் அதுகூட இல்லை, எருமைத்தோல். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுப் பாட்டிலிலும் தம்பி வீட்டுப் பாட்டிலிலும் தண்ணீரை மாற்றி ஊற்றியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எடுத்துக்கொள்ளாவிட்டால் இங்கேயே இருக்கிறேன் என்றேன். சாப்பாட்டு நேரம் நெருங்கியது. என்னை அனுப்பினால்தான் அதிகாரி சாப்பிட முடியும் என்ற நிலை வந்ததும், மறு சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

பாட்டில் மறுபடி வரும். சரி. ஆனால் கொடுக்கப்போவது அதே கைகள்தானே? வீடு வீடாகப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "பிள்ளை விஷயம், தயவுசெஞ்சு குழாய்த் தண்ணியை அப்படியே குடுங்க" என்றேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். டெய்லர் கண்கலங்கினார். "கண்டிப்பாம்மா, இந்தத் தடவை இன்னும் நல்ல தண்ணியாக் குடுத்துருவோம்" என்றார்.

இந்த ஜனங்களிடம் உண்மையைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. அதனால் பொய் சொன்னேன். ரேடியோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்தத் தடவை அவங்க பார்க்க வர்றது தண்ணியை இல்ல. ஃபில்டரை. ஃபில்டர் ஒரு குடம் குடுக்கறதுக்கு மூணு குடம் வீணாக் கொட்டுதுல்ல? பாட்டில்ல தண்ணி தெளிவா இருந்தாலே ஃபில்டர் தண்ணின்னு கணக்கு, அந்த வீட்டுக்கு மாசாமாசம் தனி வரியாம்."

அவள் கையிலிருந்த துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் நான் படியேறும்போது கட்டடமே கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. செக்ரட்டரி வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஃபில்டர்மேல் ஒரு பெரிய துண்டைப் போர்த்தி, துண்டின்மேல் காலண்டரை மாட்டியிருந்தார். பிள்ளைக்காக வராத நேர்மை பில்லுக்காக வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை, சிரிப்புத்தான் வந்தது.

சோதனை நாள் காலையில் பன்னிரண்டு பாட்டிலும் குழாயிலிருந்து, முதல் தண்ணீர், கலங்கலாக, பழுப்பாக. ரேடியோ பாட்டில்காரரிடம், "பாத்துக்குங்க சார், சுத்தமாக் குழாய்த் தண்ணிதான், எங்க வீட்டுல ஃபில்டரே கெடையாது" என்று சத்தியம் செய்தாளாம். நான் அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். பாட்டில்காரர் வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை என் பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்காரர் ஒரு தடவை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்ப் பேப்பர் படித்தார்.

பத்து வீடுகளில் அளவைத் தாண்டிய ஈயம். தம்பி வீட்டில் எல்லாவற்றையும்விட அதிகம், அளவைப் போல ஏழு மடங்கு. குழாயை மாற்ற உத்தரவு வந்தது. பேனரை இறக்கினார்கள். மறுநாளே புதுப் பேனர்: 'குடிநீர்க் குழாய்க்காகப் போராடி வென்ற செக்ரட்டரிக்கு நன்றி.' அதே போட்டோ. நீர்த்துளியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. அந்தப் போட்டோவுக்கு வேறு எங்கேதான் வேலை?

குழாய்க்காகத் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்த வாரத்தில் சுண்டெலிக்கு மறுபடி ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. தம்பி பெண்டாட்டி முந்தின நாளே போன் செய்தாள்.

"அண்ணி, ரெண்டு நாளைக்கு ஏதாவது ஸ்பெஷலாக் குடுத்தா நம்பர் குறையுமா?" என்று ஆரம்பித்தவள், நான் வாயைத் திறப்பதற்குள் தானே நிறுத்திக்கொண்டாள். "வேண்டாம், வேண்டாம். அப்படியே கூட்டிட்டு வரேன்."

நிலையத்தில் உயரமான நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்தேன். கை குச்சி மாதிரி இருந்தது. நரம்பு தேடி, பஞ்சால் துடைத்து, ஊசியை எடுத்தேன். சுண்டெலி அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை, நான் பாஸா ஃபெயிலா?"

யார் சொல்லிக் கொடுத்தார்களோ. என் வாயில் தயாராக இருக்கிற வாக்கியம் இருக்கிறதே, இது பரீட்சை இல்லை என்று, அது வரவில்லை. பாஸாகிவிட வேண்டுமே, எப்படியாவது பாஸாகிவிட வேண்டுமே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொம்போடு ரேடியோ வீட்டு வாசலில் நின்றவளுக்கும் எனக்கும் அந்த நிமிஷம் எந்த வித்தியாசமும் இல்லை.

"பாஸ்டி செல்லம்" என்றேன். ரத்தம் அப்போதுதான் குழலுக்குள் ஏற ஆரம்பித்திருந்தது.

ரிசல்ட் வந்தபோது நம்பர் குறைந்திருந்தது, கொஞ்சம். நல்லது என்று சொல்கிற அளவுக்கு இல்லை. மருத்துவர், இனி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வருடக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கும், படிப்பிலும் பேச்சிலும் எவ்வளவு இழப்பு என்பது பள்ளிக்கூடம் போனால்தான் தெரியும் என்றார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டேன். கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. இருந்த நம்பரை இருந்தபடியே சொன்னேன். "சரி அண்ணி" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கேனுக்கு வந்தாள். துணிப்பை இல்லை, துண்டும் இல்லை. நான் நிரப்பிக் கொடுத்ததை அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் சுண்டெலியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மேல் படியில் செக்ரட்டரி நின்றுகொண்டிருந்தார், சுற்றி நாலு பேர், புதுக்குழாய் பற்றி ஏதோ சொற்பொழிவு.

"என்னம்மா, அதான் புதுக் குழாய் வரப்போகுதே. இன்னும் எதுக்குத் தண்ணி சுமக்கிறே?" என்றார் பெரிய மனுஷத் தோரணையில்.

நான் வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் அவள் சுவரைப் பார்ப்பாள். அன்று கேனைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என் பிள்ளை ரத்தத்துல ஈயம் இருக்கு சார். இந்தத் தண்ணியில இருந்துதான் போச்சு. நான்தான் ஊத்திக் குடுத்தேன். நீங்க பேனர் கட்டின அன்னிக்கும் அதைத்தான் குடுத்தேன்."

செக்ரட்டரியும் சுற்றி நின்ற நாலு பேரும் சுவரைப் பார்த்தார்கள். அவள் கேனைத் தூக்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். விட்டார்கள்.